வயிற்றில் திறந்த சாளரம்

நுழையும்முன்

உண்ட உணவு உடலாவது எவ்வாறு? நாள்தோறும் நமக்குள் நடக்கும் இச்செயலை நாம் காண்பதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்வரை மருத்துவர்களும் இதனை ஊகித்தே அறிந்தனர். ஏழைத் தொழிலாளி ஒருவரின் உடலில் ஏற்பட்ட ஆறாத புண், உயிருள்ள மனிதரின் இரைப்பை இயங்கும் முறையை நெடுங்காலம் தொடர்ந்து நோக்கும் வாய்ப்பை அளித்தது. அந்த நோக்கு தந்த அறிவையும், அதற்காக ஒரு மனிதர் கொடுத்த விலையையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இப்பாடம்.

அடுப்பா, அரைகல்லா, புளித்த மாவா?

உணவை வாயிலிடுவது நம் விருப்பம். மெல்லுவது நம் முயற்சி. விழுங்கிய பின் நடப்பவை எவையும் நம் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. நாம் உறங்கும்போதும் அவை நடக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இச்செயலை விளக்க முற்பட்ட அறிஞர்கள், தாம் அன்றாடம் கண்ட பொருள்களையே உவமையாகக் கொண்டனர். இரைப்பை அடுப்பைப் போல உணவை வேகவைக்கிறது என்றனர் சிலர். அரைகல்லைப் போல உணவை நசுக்கிக் கூழாக்குகிறது என்றனர் வேறு சிலர். மாவு புளிப்பதைப் போல உணவு வயிற்றில் நொதிக்கிறது என்பது மூன்றாம் தரப்பினரின் கருத்து.

இவற்றுள் எது உண்மை என்பதை ஆய்ந்து அறிய முற்பட்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ரேமூர். அவர் 1752இல், துளைகளுள்ள சிறு உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்துப் பருந்து ஒன்றனை விழுங்கச் செய்தார். செரிக்க இயலாதவற்றைக் கக்கிவிடுவது அப்பறவையின் இயல்பு. வெளிவந்த குழாய் நசுங்கவில்லை. ஆனால், உள்ளே இருந்த இறைச்சி பெரிதும் கரைந்திருந்தது. எனவே, உணவைக் கரைப்பது அழுத்தமன்று, இரைப்பையில் சுரக்கும் நீர் என்பது தெரியவந்தது. இத்தாலிய அறிஞர் ஸ்பல்லான்சானி ஒரு படி மேலே சென்றார். உணவு பொதிந்த சிறு துணிப்பைகளைத் தாமே விழுங்கித் தம் உடலையே ஆய்வுக்களமாக்கினார். 1824இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் புரௌட், விலங்குகளின் இரைப்பைநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்.

எனினும், ஐயங்கள் முற்றிலும் தீரவில்லை. இரைப்பைநீர் எப்போது சுரக்கிறது? வயிறு வெறுமையாக இருக்கும்போது அது தேங்கி நிற்கிறதா? எந்த உணவு எவ்வளவு நேரத்தில் கரைகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமெனில், உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் நாள்தோறும் எட்டிப் பார்க்க வேண்டும். அது நடவாத செயல் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால், ஒரு விபத்து அதனை நடத்திக் காட்டியது.

மேக்கினா தீவில் வெடித்த துப்பாக்கி

வட அமெரிக்காவின் ஹூரான் ஏரியில் உள்ளது மேக்கினா தீவு. விலங்குகளின் மென்மயிர்த் தோல்களை வாங்கி விற்கும் வணிகத்தின் முதன்மையான கூடமாக அது விளங்கியது. கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுமொழி பேசும் இளைஞர்கள் தோல்மூட்டைகளைப் படகுகளில் ஏற்றி ஏரிகளிலும் ஆறுகளிலும் துடுப்பு வலித்துச் சென்றனர். அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் அத்தகைய படகுத் தொழிலாளருள் ஒருவர்.

1822ஆம் ஆண்டு சூன் திங்கள் 6ஆம் நாள், தீவிலிருந்த வணிகக் கிடங்கில் ஒருவரின் கையிலிருந்த துப்பாக்கி தற்செயலாக வெடித்தது. மூன்றடிக்கும் குறைவான தொலைவில் நின்ற மார்ட்டினின் இடப்பக்கத்து விலாவில் குண்டு பாய்ந்தது. விலாவெலும்புகள் முறிந்தன, நுரையீரலின் ஒரு பகுதியும் இரைப்பையின் ஒரு பகுதியும் காயத்தின் வழியே வெளியே பிதுங்கின. அங்கிருந்த இராணுவக் கோட்டையின் மருத்துவர் வில்லியம் போமாண்ட் விரைந்து வந்து மருத்துவம் செய்தார். காயம்பட்டவர் இரண்டு நாள்கூட உயிர் பிழைக்கமாட்டார் என்றே அவர் கருதினார்.

மார்ட்டின் பிழைத்துக்கொண்டார். தொடக்கத்தில் அவர் உண்ட உணவெல்லாம் காயத்தின் வழியே வெளியேறிற்று. திங்கள்கள் கடந்தன, புண்ணின் சுற்றுப்புறம் ஆறியது. ஆனால், இரைப்பையில் விழுந்த துளை மூடவில்லை. அதன் ஓரங்கள் விலாவின் தோலோடு ஒட்டி வளர்ந்து, உடலின் வெளிப்புறத்திலிருந்து இரைப்பைக்குள் செல்லும் நிலையான வாயிலாக மாறின. நாளடைவில் இரைப்பையின் உட்சுவரிலிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து கதவைப்போல அத்துளையை உள்ளிருந்து மறைத்தது. விரலால் அம்மடிப்பை விலக்கினால் இரைப்பையின் உட்புறம் தெரிந்தது.

வேலை செய்ய இயலாத மார்ட்டினைத் தொடர்ந்து பேணுவதற்கு ஊரார் முன்வரவில்லை. அவரை அவரது பிறந்த ஊருக்கே அனுப்பிவிட எண்ணினர். நெடும்பயணத்தை அவர் உடல் தாங்காது என்று கருதிய போமாண்ட், 1823இல் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று உணவும் உறைவிடமும் அளித்துக் காயத்தைப் பேணினார். தம் நோயாளியின் உடலில் அமைந்துவிட்ட அத்துளை, மருத்துவ உலகில் கிடைத்தற்கரிய வாய்ப்பு என்பதையும் அவர் உணர்ந்தார்.

பட்டுநூலில் கட்டிய உணவு

1825ஆம் ஆண்டு ஆகத்து முதல் நாள், நண்பகல். மசாலை மிகுத்துச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த உப்பிறைச்சி, பழைய ரொட்டி, நறுக்கிய பச்சை முட்டைக்கோசு ஆகிய ஆறு பொருள்களின் சிறு துண்டுகளைப் பட்டுநூலில் இடைவெளிவிட்டுக் கட்டினார் போமாண்ட். விலாவின் துளை வழியே அவற்றை மார்ட்டினின் இரைப்பைக்குள் இறக்கினார். மணிக்கொருமுறை நூலை வெளியே இழுத்துப் பார்த்தார்.

ஒரு மணிக்கு முட்டைக்கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சித் துண்டுகள் மாறவில்லை. இரண்டு மணிக்கு முட்டைக்கோசு, ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வேகவைத்த இறைச்சி ஆகிய நான்கும் நூலில் இல்லை. மசாலையிட்ட இறைச்சியும் பச்சை இறைச்சியும் சிறிதே மாறியிருந்தன. அதற்குள் மார்ட்டினுக்கு வயிற்றில் வேதனையும் உடற்சோர்வும் தலைவலியும் ஏற்பட்டன. ஆய்வு நிறுத்தப்பட்டது. உணவுத் துண்டுகளின் நிலையோடு மார்ட்டினின் வேதனையும் போமாண்டின் குறிப்பேட்டில் இடம்பெற்றது.

சில நாள்களுக்குப்பின் மற்றோர் ஆய்வு. இரைப்பையிலிருந்து எடுத்த நீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அதில் வேகவைத்த இறைச்சித் துண்டு ஒன்றனை இட்டார். குப்பியை உடலின் வெப்பநிலையிலேயே வெந்நீரில் வைத்திருந்தார். அதேபோன்ற வேறொரு துண்டை நூலில் கட்டி இரைப்பைக்குள் விட்டார். உள்ளே இருந்தது இரண்டு மணி நேரத்தில் கரைந்தது. குப்பியில் இருந்தது கரையச் சுமார் பத்து மணி நேரம் ஆயிற்று. நேரம் மாறினாலும் விளைவு ஒன்றே. உடலுக்கு வெளியேயும் உணவு செரித்தது! செரிமானம் ஒரு வேதிவினை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அடுப்பும் அரைகல்லும் புளித்த மாவும் ஆகிய மூன்று உவமைகளும் இவ்விடத்தில் தம் வலிமையை இழந்தன.

மார்ட்டினின் துளை மேலும் பல உண்மைகளைக் காட்டியது. வெறும் வயிற்றில் இரைப்பைநீர் தேங்கி நிற்பதில்லை. உணவு சுவரைத் தொட்டதும் சுரக்கத் தொடங்குகிறது. காய்ச்சலின்போதும் கடுஞ்சினத்தின்போதும் இரைப்பையின் இயல்பு மாறுகிறது, சுரப்பு குன்றுகிறது. மிகுதியான மது இரைப்பையின் உட்சுவரைச் சிவந்து புண்படச் செய்கிறது. நன்றாக நொறுங்கிய உணவு விரைவிலும், பெருந்துண்டுகள் தாமதமாகவும் கரைகின்றன.

1833இல் போமாண்ட் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் அதில் விளக்கப்பட்டன. எந்த உணவு இரைப்பையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்னும் அட்டவணையும் அதில் இடம்பெற்றது. வேகவைத்த அரிசிக்கு ஒரு மணி நேரம். வறுத்த பன்றியிறைச்சிக்கு ஐந்தேகால் மணி நேரம். ஆயினும், இரைப்பையைவிட்டு நீங்குவது வேறு. செரித்து முடிவது வேறு. சோறு ஒரு மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்தாலும் அதன் மாவுப்பொருள் செரிப்பது பெரும்பாலும் சிறுகுடலில்தான். விலாவில் அமைந்த சாளரம் ஓர் அறையை மட்டுமே காட்டியது. அவ்வறைக்கு முன்னும் பின்னும் நீண்டு கிடக்கும் பாதையைப் பின்வந்தோர் ஆய்ந்து அறிந்தனர்.

வாய் முதல் பெருங்குடல் வரை

உணவுப்பாதையின் நீளம் ஏறத்தாழ ஒன்பது மீட்டர். அதன் முதல் வாயில் வாய். பற்கள் உணவைச் சிறு துண்டுகளாக்குகின்றன. நாக்கு அதனைப் புரட்டுகிறது. உமிழ்நீர் நனைத்துக் குழைக்கிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள அமைலேசு என்னும் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதன் காரணம் இதுவே.

விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுக்குழலின் வாயிலை அடைத்துக் காக்கிறது. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழலில் உணவு வெறுமனே விழுவதில்லை. குழலின் தசைகள் பின்னே சுருங்கியும் முன்னே விரிந்தும் அலைபோல அதனைத் தள்ளிச் செல்கின்றன. படுத்த நிலையில் விழுங்கினாலும் உணவு இரைப்பையை அடைவது இவ்வலை இயக்கத்தாலேயே.

இரைப்பையில் அமிலம் கிருமிகளை அழிக்கிறது. புரதங்களின் கட்டைத் தளர்த்துகிறது. அமிலம் மட்டும் இறைச்சியைச் செரிக்கச் செய்வதில்லை. அதனோடு இயங்கும் பெப்சின் என்னும் நொதியை 1836இல் ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் கண்டறிந்தார். இறைச்சியையே கரைக்கும் இந்நீர் இரைப்பையைக் கரைக்காதது ஏன்? உட்சுவரின்மீது தடித்த சளிப்படலம் போர்வையாகப் படர்ந்துள்ளது. பெப்சினும் செயலற்ற வடிவிலேயே சுரந்து, அமிலத்தைச் சேர்ந்த பின்னரே செயல்படுகிறது. சுவரின் உயிரணுக்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. இக்காவல் குலையும்போதே வயிற்றுப்புண் தோன்றுகிறது.

கூழான உணவு சிறிது சிறிதாக முன்சிறுகுடலை அடைகிறது. கணையநீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. அந்நீரின் நொதிகள் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கின்றன. கல்லீரலில் உருவாகும் பித்தநீர், கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறடித்து நொதிகள் எளிதில் அணுகச் செய்கிறது. உணவு வந்து சேர்ந்த செய்தி கணையத்துக்கு எட்டுவது எங்ஙனம்? குடற்சுவர் குருதியில் விடும் ஒரு வேதித்தூதே அச்செய்தியைக் கொண்டு செல்கிறது என்று 1902இல் இலண்டனில் பேலிசும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்தனர். செக்ரிட்டின் என்னும் அத்தூதுப்பொருளைக் கண்டறிந்ததிலிருந்தே இயக்குநீர் பற்றிய அறிவு வளரத் தொடங்கியது.

சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலே உணவு உடலோடு சேரும் இடம். அதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாக அமைந்துள்ளது. மடிப்புகளின்மீது குடலுறிஞ்சிகள் என்னும் நுண்விரல்கள் நெருங்கி நிற்கின்றன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அவற்றின் வழியே குருதியில் கலந்து முதலில் கல்லீரலைச் சென்றடைகின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் வழியே செல்கிறது. குடித்த நீரும் சுரந்த நீர்களுமாக நாள்தோறும் ஏறத்தாழ ஒன்பது லிட்டர் நீர்மம் குடலுக்குள் புகுகிறது. அதில் மிகப் பெரும்பகுதியைச் சிறுகுடலும், எஞ்சியதைப் பெருங்குடலும் உடலுக்கே மீட்டுத் தருகின்றன. மிகச் சிறிதளவே வெளியேறுகிறது. கடும் வயிற்றுப்போக்கின்போது உடல் விரைவில் நீரிழந்து உயிருக்கே இடர் நேர்வது ஏன் என்பது இதனால் விளங்கும். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் செரிக்காத நார்ப்பொருளை நொதிக்கச் செய்து, வைட்டமின் கே போன்றவற்றை உண்டாக்குகின்றன. புளித்த மாவை உவமை சொன்னவர்களின் கூற்று, இரைப்பைக்குப் பொருந்தாவிடினும் பெருங்குடலுக்கு ஓரளவு பொருந்துகிறது.

துளைக்கு உரியவர்

இவ்வளவு அறிவுக்கும் வாயில் திறந்துவிட்ட மார்ட்டினின் வாழ்வு எவ்வாறு அமைந்தது? 1825இலேயே அவர் போமாண்டிடம் சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பினார். மணம் புரிந்து பிள்ளைகளைப் பெற்றார். வறுமை அவரை 1829இல் மனைவி மக்களோடு மீண்டும் மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்த்தது. மரம் வெட்டுதல், சுமை தூக்குதல் முதலிய வீட்டுவேலைகளையும் செய்துகொண்டே ஆய்வுகளுக்கும் அவர் உடன்பட வேண்டியிருந்தது. 1832இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓராண்டுக் காலம் ஆய்வுகளுக்கு உடன்பட வேண்டும். ஊதியம் 150 டாலரும் உணவும் உறைவிடமும். வறுமையில் வாடிய ஒருவருக்கு அவ்வொப்பந்தத்தை மறுக்கும் உரிமை உண்மையில் எவ்வளவு இருந்தது என்பது எண்ணத்தக்கது.

போமாண்ட் கொடியவர் அல்லர். அவரது மருத்துவம் இல்லையெனில் மார்ட்டின் பிழைத்திருத்தல் அரிது. தம் சிறு வருவாயிலிருந்தே அவரைப் பேணினார். கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையும் அவரிடம் இருந்தது. ஆனால், அக்குறிப்புகள் யாவும் மருத்துவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. நூலிழுபடும்போதெல்லாம் துடித்த உடல் மார்ட்டினுடையது. நூலின் அட்டையில் விளங்கிய பெயர் போமாண்டினுடையது. நூல் வெளிவந்த பிறகு மார்ட்டின் ஊர் திரும்பினார். பின்வந்த இருபது ஆண்டுகள் போமாண்ட் மீண்டும் மீண்டும் அழைத்தும் அவர் திரும்பவேயில்லை.

1853இல் போமாண்ட் மறைந்தார். வயிற்றில் துளையோடு மார்ட்டின் மேலும் 27 ஆண்டுகள் வாழ்ந்து 1880இல் கியூபெக் மாநிலத்தில் காலமானார். அவரது இரைப்பையைப் பெற மருத்துவர் சிலர் முயன்றனர். குடும்பத்தினர் இணங்கவில்லை. உடலைத் தோண்டி எடுத்து ஆய்வுக்கூடத்தில் வைத்துவிடுவர் என்று அஞ்சி, அது அழுகத் தொடங்கும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, பின்னர் எட்டடி ஆழக் குழியில் புதைத்தனர். வாழ்நாளில் தம் வயிற்றுக்குக் கதவிட்டு மூட இயலாத ஒருவருக்கு, இறந்த பின்னர் அவருடைய உறவினர் இட்ட கதவு அது. 1962இல் கனடா நாட்டு உடலியங்கியல் அறிஞர்கள் அவ்வூர்த் தேவாலயத்தில் அவர் நினைவாகக் கல்வெட்டுப் பதித்தனர்.

மனிதர்மீது நிகழ்த்தும் ஆய்வுகளுக்கு ஆய்வுக்கு உள்ளாவோரின் தன்விருப்பமான இசைவு இன்றியமையாதது என்பதை 1947இல் நியூரம்பர்க் நெறிமுறைகள் வலியுறுத்தின. 1964இல் உலக மருத்துவர் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிவிக்கை அந்நெறியை விரித்துரைத்தது. ஆய்வின் நோக்கத்தையும் இடரையும் விளங்கச் சொல்லுதல், மறுக்கவும் இடையில் விலகவும் உரிமை தருதல், வறுமையைப் பயன்படுத்தி இணங்கச் செய்யாதிருத்தல் ஆகியவை இன்று ஆய்வாளரின் கடமைகள். புதிய மருந்துகள் இந்நெறிகளுக்கு உட்பட்டே ஆய்ந்து பார்க்கப்பட வேண்டும்.

உண்மையை அறிய விழையும் வேட்கை உயர்ந்தது. அவ்வேட்கைக்கு உடலைத் தந்தவரையும் மனிதராக மதிப்பதே அதனினும் உயர்ந்தது. செரிமானத்தைப் பற்றிய பாடநூல்களில் போமாண்டின் பெயர் இடம்பெறும் இடத்தில் மார்ட்டினின் பெயரும் இடம்பெறுதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆய்வாளர் தம் உடலையே ஆய்வுக்குத் தருவதும் உண்டு. வயிற்றுப்புண்ணுக்கு மனக்கவலையும் காரமுமே காரணம் எனப் பலர் நம்பிய காலத்தில், ஒரு வகைப் பாக்டீரியமே முதன்மைக் காரணம் என்றனர் ஆத்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும். அதனை மெய்ப்பிக்க 1984இல் மார்ஷல் அப்பாக்டீரியம் கலந்த நீர்மத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. ஒரு கவளம் சோறு வாயில் இடப்பட்டது முதல் குருதியில் கலப்பது வரை மேற்கொள்ளும் பயணத்தை அச்சோறே கூறுவதுபோல் எழுதுக.
2. "அறிவியல் வளர்ச்சிக்காகத் தனிமனிதர் துன்புறுவது ஏற்கத்தக்கதா?" என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. மார்ட்டின், போமாண்டுக்கு எழுதுவதாகக் கருதிக் கடிதம் ஒன்று எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பெப்சின் என்னும் நொதியைக் கண்டறிந்தவர்
அ) ரேமூர் ஆ) புரௌட் இ) ஷ்வான் ஈ) ஸ்டார்லிங்

2. கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறச் செய்வது
அ) உமிழ்நீர் ஆ) பித்தநீர் இ) இரைப்பைநீர் ஈ) நிணநீர்

குறுவினா

1. ரேமூரின் ஆய்வில் உலோகக் குழாய் நசுங்காமல் இருந்தது எதனை உணர்த்தியது?
2. இரைப்பைநீர் இரைப்பையையே கரைக்காமைக்கான காரணங்கள் இரண்டனை எழுதுக.

சிறுவினா

1. குப்பியில் இட்ட இறைச்சி கரைந்தமை, செரிமானம் பற்றிய முந்தைய கருத்துகளை எவ்வாறு மறுத்தது?
2. "துளைக்கு உரியவர்" என்னும் தலைப்பின் பொருத்தத்தை விளக்குக.

நெடுவினா

போமாண்டின் பெருமையையும் அவர்தம் ஆய்வுமுறையில் எழும் அறவினாக்களையும் பாடப்பகுதி வழிநின்று தொகுத்து எழுதுக.

இலக்கணக்குறிப்பு

உமிழ்நீர் – வினைத்தொகை
வெந்நீர் – பண்புத்தொகை
ஆறாத புண் – எதிர்மறைப் பெயரெச்சம்
உண்ட உணவு – பெயரெச்சம்